பலகை அடுக்குச் சுவர்: தோட்டத்து வீட்டிற்கு உகந்த முறை

கிணற்றடியில் ஒரு சிறு வீடு இருந்தால் நலமென்று எண்ணாத குடியானவர் அகரம், தாடிக்கொம்பு முதலிய திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களில் அரியர். இரவில் நீர் பாய்ச்சுவதற்கும், விதை வெங்காயத்தையும் நிலக்கடலையையும் பத்திரப்படுத்துவதற்கும், கருவிகளைப் பூட்டி வைப்பதற்கும் அது அவசியமாகின்றது. சொந்த நிலமுடையவர் செங்கல் அடுக்கிக் கட்டிக்கொள்ளலாம். குத்தகைக்குப் பயிரிடுவோர் நிலைமை வேறு. குத்தகை முடிந்து நிலத்தை விட்டு நீங்குங்கால், மண்ணில் வேரூன்றிய செங்கற்சுவரை அவர் தோளில் சுமந்து செல்ல இயலாது. அதிற் போட்ட பணம் நிலத்துக்காரருக்கே போய்ச் சேரும். பிரித்தெடுத்து வண்டியிலேற்றி மற்றோரிடத்தில் மறுபடியும் நிறுத்தக்கூடிய சுவர் ஒன்றிருப்பின் அதுவே அவருக்கு ஏற்றதாகும். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைக்கும் சுவர் அத்தகையது. ஆயினும் எவ்வகையில் அடுக்கினாலும் அப்படியாகுமென்று கருதுதல் பிழை.

பலகையை அடுக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பலகையைப் படுக்கை வசமாகக் கிடத்தி, அதன்மேல் அடுத்ததை வைத்து ஆணியறைந்து மேலேறுவது. இதில் பலகையின் அகலமே சுவரின் கனமாகும். அமெரிக்காவில் ஆர்சன் பௌலர் என்பவர் 1848ஆம் வருஷம் வெளியிட்ட வீடு கட்டும் நூலில் இம்முறையைச் சிறப்பித்துக் கூறினார். கனடா தேசத்துச் சமவெளிகளில் கோதுமையைச் சேர்த்து வைக்க ரயில் பாதையோரம் எழுப்பிய உயர்ந்த மரக் களஞ்சியங்களும் இவ்வாறே அமைந்தவை. உள்ளே நிறைந்த தானியம் சுவரை வெளிப்புறம் நெருக்கித் தள்ளுமாதலால் அங்கே கனத்த சுவர் வேண்டியிருந்தது. மரமும் ஏராளமாய்க் கிடைத்தது. இமாசலப் பிரதேசத்தில் தேவதாரு உத்தரங்களையும் கல்லையும் மாறி மாறி அடுக்கிக் கட்டும் ‘காத்குனி’ச் சுவர், பூகம்பத்தைத் தாங்குவதற்குப் பெயர் பெற்றது. அதுவும் மரம் மலிந்த மலைநாட்டு முறையே.

மற்றொன்று, பலகையை விளிம்பில் நிறுத்தி, இரு தூண்களுக்கிடையே உள்ள காடியில் மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவது. இது நமக்குப் புதிதன்று. இரும்புச் சுருட்கதவு வருமுன்னர் நம் கடைவீதிகளில் ஒவ்வொரு கடையும் இரவில் பலகைகளாலேயே அடைக்கப்பட்டது. முன்பின் மாறாதிருக்கப் பலகைகளில் எண்ணிட்டிருப்பார்கள். நெற்பத்தாயத்தின் முகப்பும் இவ்விதமே அடைபடும். நெல் குறையக் குறைய மேற்பலகையைக் கழற்றிக்கொள்வர். கன்னியாகுமரி ஜில்லாவில் இதனை நிரைப்பலகை என்பர். அங்கே தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டவர்கள், மழை மிகுந்த அந்நாட்டிலும் தக்க கூரையின்கீழ் மரவேலை எத்துணைக் காலம் நிலைபெறுகின்றதென்பதை அறிவார்கள். அவ்வரண்மனை 1795ஆம் வருஷம் வரை திருவிதாங்கூரின் தலைநகரில் விளங்கியது.

இவ்விரண்டில் எது சிக்கனம் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 7 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. 3 அடிக்கு 6 அடி வாசலைக் கழித்தால் சுவரின் பரப்பு 290 சதுர அடி. 4 அங்குல அகலப் பலகைகளைப் படுக்கை வசமாக அடுக்கினால் சுமார் 97 கன அடி மரம் செல்லும். ஓரங்குலக் கனமுள்ள பலகை 84 வரிசை வேண்டும். அடிக்கோர் ஆணி வீதம் அறைந்தாலும் ஏறக்குறைய 3,500 ஆணிகளாகும். அதே அறைக்குப் பலகைகளை விளிம்பில் நிறுத்தினால் பலகைக்கு 24 கன அடி. 4 அங்குலச் சதுரத் தூண்கள் பதினொன்று, அடிக்கட்டை, மேற்கட்டை, ரீப்பர் யாவும் சேர்ந்து இன்னும் 20 கன அடி. ஆக 45 கன அடிக்குள் அடங்கும். அவரவர் ஊர் மரக்கடை விலையால் பெருக்கிக் கொள்க. விலை எதுவாயினும் மரச்செலவு பாதிக்குங் குறைவே.

இக்கணக்கை நான் முன்னமே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் அகரத்தை அடுத்த ஒரு தோட்டத்தில் குத்தகைக்காரர் ஒருவர், மரம் அறுக்குமிடத்தில் மிஞ்சும் குட்டைத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றைக்கொண்டு ஏதேனும் செய்யலாமா என்று என்னைக் கேட்டார். குட்டைத் துண்டுகளையும் ஏற்கும் என்ற ஒரு நன்மையைக் கண்டு, படுக்கை வச அடுக்கை நானே சிபாரிசு செய்தேன். சித்திரையில் சுவர் எழும்பியது. பச்சை மரம், உலர்த்த எவரும் பொறுக்கவில்லை. மரம் உலருங்கால் நீளத்தில் அநேகமாகக் குறைவதில்லை. அகலத்திலும் கனத்திலுமே சுருங்கும். 84 வரிசையும் ஒவ்வொன்றும் சிறிது சுருங்கவே, ஐப்பசிக்குள் சுவர் முழுவதும் மூன்று விரற்கடை கீழிறங்கிவிட்டது. நிலையின்மேல் பாரம் அமர்ந்து கதவு திறக்க மறுத்தது. கூரை ஒருபுறம் சாய்ந்து ஓடுகள் விலகின. அம்மழையில் நனைந்து அவருடைய விதை வெங்காயம் அழுகிற்று. பின்னர் மேற்குச் சுவரின் நடுவரிசைகளில் கறையான் புகுந்திருப்பதும் தெரியவந்தது. கெட்ட பலகை ஒன்றை எடுக்க வேண்டுமானால் அதன்மேலுள்ள அத்தனை வரிசைகளையும் ஆணி பிடுங்கிக் கலைக்க வேண்டும். “ஐயா, பிரித்தெடுக்கலாமென்றீர்களே” என்று மட்டும் அவர் சொன்னார். மறு கோடையில் அவர் தோட்டத்திலேயே இரண்டாம் முறையில் சுவரை மாற்றியமைத்தோம். கீழே எழுதுவன பெரும்பாலும் அவ்வேலையிற் கற்றவை.

முதலில் மரம். தூணுக்கும் அடிக்கட்டைக்கும் வைரம் பாய்ந்த மரமே வேண்டும். பழைய வீடு பிரிக்குமிடங்களில் கிடைக்கும் தேக்கு, வேம்பு, வேங்கைக் கால்கள் மிக உத்தமம். அவை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தவை. முற்றிய பனையின் வெளிப்பாகம் இரும்பை ஒக்கும். ஆனால் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021ஆம் வருஷம் அரசு அறிவித்திருப்பதால், தானாக வீழ்ந்த மரத்தையோ பழைய கைமரத்தையோ தேடுவதே தகும். பலகைக்கு அத்துணை உயர்ந்த மரம் அவசியமில்லை. சிறுமலை, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரப்பலகை, மண்ணையும் ஈரத்தையும் தொடாதவரை நன்கு உழைக்கும். தொட்டால் விரைவில் கெடும். காய்ப்பு ஓய்ந்த முதிய தென்னையின் அடிமரத்தில் வெளிப்புறத்து வன்மையான பாகம் மட்டும் பலகைக்கு உதவும். நடுச்சோற்றைத் தள்ளிவிட வேண்டும். எம்மரமாயினும் வெளிறு மிகுந்த பலகையை வாங்கினால் வண்டு துளைத்து மாவாய் உதிரும்.

அறுத்த பலகை ஈரமாயிருக்கும்போதே மருந்தில் ஊறவைப்பது நலம். 100 லிட்டர் நீரில் போரிக் அமிலம் 2 கிலோவும் வெண்காரம் 3 கிலோவும் கரைத்து, தார்ப்பாய் விரித்த குழியில் மூன்று நாள் மூழ்க வைத்து, பின் இரண்டு வாரம் மூடி அடுக்கி வைத்தால் மருந்து உள்ளே பரவும். ஆடுமாடுகள் அந்நீரைக் குடிக்காதபடி காவல் வேண்டும். இம்மருந்து மழையில் கரைந்து போகுமாதலால் நேரே நனையும் மரத்திற்குப் பயன்படாது. அதன்பின் நிழலில், வரிசைக்கு வரிசை ஒரே நேர்க்கோட்டில் குச்சிகளை இடையிட்டுக் காற்றோட்டமாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றி உலர்த்துக. மாசியில் அடுக்கினால் ஓரங்குலப் பலகை வைகாசிக்குள் வேலைக்கு ஆகும். வெயிலில் போட்டால் விரைவில் உலருமென்று எண்ணுவோர், பலகை வெடித்துக் கோணிய பின் வருந்துவர். பலகை முனைகளில் தாரோ வண்ணமோ பூசினால் வெடிப்புக் குறையும்.

நமது செம்மண் பூமியில் மரத்திற்கு முதற் சத்துரு கறையான். அது மண்ணிலிருந்து மட்குழாய் கட்டிக்கொண்டு மேலேறுவது. வெளிச்சத்தில் வெறுமே நடந்து வாராது. ஆகவே தரைக்குமேல் ஒன்றரை அடி உயரத்திற்குக் கருங்கல் அடித்தளம் எழுப்பி, இடுக்குகளைச் சிமிட்டிச் சாந்தால் நிரப்புக. அதன் தலையில் நாகமுலாம் பூசிய தகட்டை, இருபுறமும் இரண்டங்குலம் நீட்டிக் கீழ்நோக்கி மடித்து வைத்து, அதன்மேல் அடிக்கட்டையைக் கிடத்த வேண்டும். தகடு கறையானைக் கொல்லாது. ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு வெளியே குழாய் கட்டும்படி செய்வதால் நம் கண்ணிற்படும். அமாவாசைதோறும் ஒருமுறை சுற்றிவந்து, கண்ட குழாயைச் சுரண்டி விடுக. இத்தனையும் செய்துவிட்டுப் பருத்திமாரையும் விறகையும் சுவரிற் சாய்த்து வைத்தால் கறையானுக்கு நாமே ஏணி போட்டவராவோம்.

தூண்களை நீள்பக்கத்தில் 4 அடிக்கொன்றும் குறும்பக்கத்தில் 5 அடிக்கொன்றும் நிறுத்தி, மேற்கட்டையால் இணைக்க. கூரையின் பாரம் முழுவதும் தூண்களிலேயே இறங்க வேண்டும். பலகைமேல் சிறிதும் அமரலாகாது. இதுவே இம்முறையின் உயிர். பலகை சுருங்கினாலும் தூண் உயரம் குறையாதாதலால் கதவும் கூரையும் அசையா. தூணில் காடி வெட்டத் தச்சருக்குக் கூலி மிகும். அதற்குப் பதில் ஓரங்குல ரீப்பர் இரண்டைப் பலகைக் கனத்திற்குச் சற்றே கூடுதலாக இடைவெளி விட்டுத் தூணின் பக்கத்தில் அடித்தால் அதுவே காடியாகும். வெளி ரீப்பரை ஆணியாலும் உள் ரீப்பரைத் திருகாணியாலும் பொருத்துக. எந்தப் பலகையையும் எப்பொழுதும் உள்ளிருந்தே கழற்றலாம். வெளியிலிருந்து திருடன் கழற்ற இயலாது. நாலைந்தடித் துண்டே போதுமாதலால், குத்தகைக்காரர் கேட்ட அந்த மலிவான குட்டைத் துண்டுகளில் நீண்டவற்றை இதற்கும் பொறுக்கியெடுக்கலாம்.

பலகையின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் வெளிப்புறம் சரிவாக இழைத்தால் சாரல் நீர் உட்புகாமல் வெளியே வடியும். பலகைகளை ஒன்றோடொன்று ஆணியறையலாகாது. முதல் வருஷம் முடிந்ததும் மேலே ஓரிரண்டு அங்குலம் இடைவெளி தோன்றும். அப்பொழுது உள் ரீப்பரைக் கழற்றி, அளவுக்கு அறுத்த துண்டு ஒன்றைச் செருகினால் போதும். கூரைத் தாழ்வாரம் நாற்புறமும் இரண்டரை அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். வெளிப்புறத்திற்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். அது தோலைப் புண்ணாக்குமாதலால் கையுறையின்றித் தொடற்க.

காடியிற் செருகிய பலகைச் சுவர் பாரம் தாங்கினாலும் பக்கவாட்டில் தள்ளினால் சாயும் இயல்புடையது. ஆடிக்காற்றில் இதனைக் கண்டோம். ஆகையால் ஒவ்வொரு மூலையிலும் தூணுக்கும் மேற்கட்டைக்கும் சாய்வுச் சட்டம் பொருத்துதல் கட்டாயம். தகரக் கூரையாயின் காற்று அதனை மேலே தூக்கும். மூலைத்தூண்களை இரும்புப் பட்டையால் அடித்தளக் கல்லோடு பிணைக்க வேண்டும். அடுப்பை இவ்வீட்டினுள் வைக்கலாகாது. தனியே கல்லடுக்கி வெளியில் அமைத்துக்கொள்க.

சுவரைப் பிரிக்குமுன் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எழுத்தும், அதிலுள்ள பலகைகளுக்குக் கீழிருந்து மேலாக எண்ணும், உட்புறத்தில் அழியாத வண்ணத்தால் எழுதிவிட வேண்டும். மேற்படி குத்தகைக்காரர் பின்னர் வேறு நிலத்திற்கு மாறியபொழுது, ஆட்கள் நால்வர் ஒரு பகலில் சுவரைப் பிரித்து ஏற்றினார்கள். கருங்கல் அடித்தளம் மட்டும் நிலத்தில் நின்றது. கிழக்குப் பக்கத்தில் எண்ணெழுதாது விட்ட இரண்டு கட்டங்களைப் பொருத்தத்தான் மறுநாள் நண்பகல் வரை சென்றது.