வேலியே பயிரை மேய்ந்தால்...



பாடம் நடக்கும்போது அடிக்கடி எழுந்து, "மிஸ், வெளிய போகட்டுமா?" என்று கேட்கும் பெண் நான்தான். "மறுபடியுமா?" என்று சிலர் சிரிப்பதும் எனக்குத் தெரியும். எனக்கு இருப்பது குரோன் நோய். "கண்டதைத் தின்னா இப்படித்தான்" என்றார் அத்தை. அது சரியா என்று டாக்டரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

குரோன் நோய் என்றால் என்ன?
குடல் சுவரில் வீக்கமும் புண்ணும் வரும், ஆறும், திரும்ப வரும். வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடை குறைதல், சோர்வு ஆகியவை அறிகுறிகள். 1932-ல் நியூயார்க்கில் டாக்டர் பர்ரில் குரோனும் வேறு இரண்டு டாக்டர்களும் இதை விவரித்து எழுதினார்கள். அதனால் இந்தப் பெயர்.

எதிர்ப்பு சக்திக்கு என்ன ஆச்சு?
நம் எல்லோர் குடலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலும் நல்லவை. வெள்ளை அணுக்கள் அவற்றைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். எனக்கு அப்படி விடுவதில்லை. எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகின்றன. டி.என்.எஃப். என்ற புரதம் இன்னும் ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் அடிபடுவது குடல் சுவர்தான். வேலியே பயிரை மேயுது!

மரபணுவா காரணம்?
ஓரளவு. 16-ஆவது குரோமோசோமில் உள்ள என்.ஓ.டி.2 என்ற மரபணுவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பது 2001-ல் தெரிந்தது. பாக்டீரியா செல்சுவரின் ஒரு துண்டை அடையாளம் காண உதவுவது இதன் வேலை. இதில் எழுத்துப்பிழை இருந்தால் காவல் குழம்பிவிடும். ஆனால் ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் அந்தப் பிழைகள் இந்தியரிடம் மிக அரிது. குடல் அழற்சி நோய்களோடு தொடர்புடைய 200-க்கும் மேற்பட்ட மரபணு இடங்களை இதுவரை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே அச்சான இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. ஆக மரபணு, எதிர்ப்பு சக்தி, குடல் பாக்டீரியா, உணவு, புகைபிடித்தல் போன்ற சூழல் எல்லாம் சேர்ந்துதான் காரணம். அத்தை சொன்னதில் பாதிகூட சரியில்லை!

தொற்றுமா?
தொற்றவே தொற்றாது. என் தண்ணி பாட்டில்ல தாராளமா குடிக்கலாம். ஆனால் நான் சாப்பிடும் மாத்திரை எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும். அதனால் உங்களுக்குக் காய்ச்சல் என்றால் அன்று மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நான் கை தூக்கினால் தலையை மட்டும் அசைத்து அனுப்புங்கள். காரணம் சொல்லி முடிக்கும்வரை வயிறு காத்திருக்காது. தோழிகளே, அந்த நேரத்தில் போர்டில் எழுதியதை எனக்காக நோட்டில் எடுத்து வையுங்கள். அது போதும்.



- 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி