மன்றத்தின் பணமும் மரத்தின் பட்டையும்

தோட்டத்தில் வாசகசாலையோ, நாடக மன்றமோ, கோலாட்டக் குழுவோ தொடங்குதல் எளிது. அதனை இருபது ஆண்டுகள் நடத்துதல் அரிது. ஆர்வம் இருந்தும் கணக்குக் குழம்பி மறைந்த மன்றங்கள் உண்டு. ஆதலின், இம்மாதப் பாடம் கணக்கைப் பற்றியதாகும்.

1950ஆம் ஆண்டுகளில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி வழங்குமாறு வேண்டினார். தோட்டத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து வழங்கினர். 1956ஆம் ஆண்டில், அந்நாளில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. திரண்ட நிதி அங்குத் தமிழ் நூல்கள் சேர்வதற்கு உதவிற்று. ஒருமுறை கொடுத்த வெள்ளி, பல்லாண்டு பயன்தரும் நூலாயிற்று. அந்நூல்களைப் பேணும் பொறுப்பு பல்கலைக்கழகத்தினுடையது.

சிறு மன்றத்திற்கு அத்தகைய துணை இல்லை. எனவே அது தன் பணத்தை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். நன்கொடையாகச் சேர்ந்த பெருந்தொகை முதல்நிதி. மாதச் சந்தா நடப்புநிதி. விளக்குக் கட்டணம், வாத்தியப் பழுது, விழாச் செலவு ஆகியவற்றை நடப்புநிதியே தாங்க வேண்டும். பட்டையை அளவோடு சீவினால் பால் மரம் பல்லாண்டு பால் தரும். கத்தி மரத்தைத் தொட்டால் பட்டை மீண்டும் செவ்வனே வளராது. முதல்நிதியும் அவ்வாறே.

பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதும் காப்பு ஆகாது. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 3 விழுக்காடு உயருமாயின், இன்றைய 1,000 ரிங்கிட் 24 ஆண்டுகளில் ஏறத்தாழ 500 ரிங்கிட்டின் பொருளையே வாங்கும். வட்டியின் ஒரு பகுதியை முதலோடு சேர்த்தால்தான் முதல் தேயாது.

டெங்கில் வட்டாரத்தார் மற்றொன்றையும் அறிவர். 1921ஆம் ஆண்டில் தோன்றிய பெராங் பெசார் தோட்டம், 1995ஆம் ஆண்டு முதல் புத்ராஜெயா நகராக மாறத் தொடங்கிற்று. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டம் மறைந்தால் மன்றத்தின் பணம் என்னாகும்? ஒருவரின் சொந்தப் பெயரில் இருந்தால் மீட்டல் கடினம். மன்றத்தின் பெயரில், இருவர் கையொப்பத்துடன் வங்கியில் இருந்தால், மக்கள் செல்லும் இடத்திற்கு அதுவும் செல்லும்.

பதிவு பெற்ற மன்றம், 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் கணக்கறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவிற்கு அனுப்புதல் வேண்டும். இதனைச் சுமையெனக் கருதாதீர். பொருளாளரை வீண் பழியினின்று காப்பதும் அதுவே.

சிந்திக்க:
1. உங்கள் மன்றத்தின் முதல்நிதி எவ்வளவு?
2. அது யார் பெயரில் உள்ளது?
3. சென்ற ஆண்டுக் கணக்கை உறுப்பினர் அனைவரும் கண்டனரா?