முதலில் உரக் கணக்கைக் கேள்

அன்புள்ள மலர்விழி,

உன் புல்வெளிப் பூஞ்சை ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். மழையும் வெப்பமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நிலத்தின் வரலாறு ஒரே வரி. அதைத் திருப்பிப் போடு.

உலகளவில் எந்தப் பூஞ்சை எங்கே இருக்கும் என்பதில் தட்பவெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரே வேலிக்குள் எல்லாப் பாத்திக்கும் மழை ஒன்றுதானே? நீ போகும் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் லாஸ், கில்பர்ட் என்ற இருவர் 1856-இல் பார்க் கிராஸ் புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, வெவ்வேறு உரம் போட்டுப் பார்த்தார்கள். சோதனை இன்றும் நடக்கிறது. உரமே காணாத துண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட செடியினங்கள். ஆண்டுதோறும் அமோனியம் சல்பேட் போட்டு, சுண்ணாம்பு காட்டாமல் விட்ட துண்டில் மண் அமிலமாகி பி.எச். 4-க்கும் கீழே, இரண்டு மூன்று புல்வகைதான் மிச்சம். மண்புழு அங்கே தங்காததால் காய்ந்த புல் மட்காமல் அடையடையாகப் படிந்து கிடக்கும்.

உரம் பூஞ்சையையும் தொடும். நம் ஊரில் ‘வேம்’ என்று விற்கிறார்களே, அந்த வேர்ப்பூஞ்சை செடிக்கு மணிச்சத்து தேடித் தந்து சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மணிச்சத்து மூட்டையாகவே வந்து இறங்கினால், செடி பூஞ்சைக்குச் சர்க்கரை தருவதைக் குறைத்துவிடும். சிவப்பும் மஞ்சளுமாக, தொட்டால் வழுக்கும் ‘வாக்ஸ்கேப்’ காளான்களும் உரம் கண்ட புல்வெளியில் அருகிப்போகும். திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

அதற்காக எல்லாப் பழியையும் அமிலத்தின் மேல் போடாதே. அதே பண்ணையின் ஹூஸ்ஃபீல்ட் வயலில் 180 மீட்டருக்குள் மண்ணின் பி.எச். 4-இலிருந்து 8-க்கு மேல் ஏறுகிறது. 2010-இல் வெளியான ஆய்வில், அதோடு பாக்டீரியா வகைகளும் ஏறின. பூஞ்சை வகைகள் அவ்வளவாக அசையவில்லை. அது பயிர் நிலம்தான். இருந்தாலும், அமிலம் பூஞ்சையை நேரே தாக்கியதா, அது அண்டி வாழும் செடியை விரட்டியதா என்று பிரித்துக் கேள்.

மண்ணெடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். புல்லில் மராஸ்மியஸ் காளான் வளையம் கண்டால், ஓரத்தில் வெள்ளை இழை ஓடிய மண்ணைக் கிளறி, காய்ந்திருக்கும்போது ஒரு சொட்டு நீர் விட்டுப் பார். பல நேரம் உறிஞ்சாமல் உருண்டு நிற்கும். வளையத்துக்கு வெளியே எடுத்த மண் சட்டென்று குடித்துவிடும். இரண்டையும் ஒரே பையில் கலந்தால் இந்த வித்தியாசம் போயே போச்சு. தனித்தனியாக எடு, இடைத்தூரத்தைக் குறி. டிஎன்ஏ செலவு கூடும்; உன் வழிகாட்டி முகம் சுளிப்பார், பரவாயில்லை. ஆனால் ஒரே துண்டில் எடுத்த பத்து மாதிரியைப் பத்துத் துண்டாக எண்ணிவிடாதே. நடுவர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான்.

பார்க் கிராஸில் 1965-இலிருந்து பெரும்பாலான துண்டுகளை நான்காக்கி, மூன்றில் பி.எச். 7, 6, 5 என்று வைக்கச் சுண்ணாம்பு போடுகிறார்கள், நான்காவதில் போடுவதில்லை. பை வாங்குமுன் அந்தத் துண்டுகளின் வரைபடத்தையும் உரப் பட்டியலையும் எழுதிக் கேட்டு வாங்கு. பழைய மண் மாதிரிகளும் அங்கே காப்பகத்தில் இருக்கின்றன. கொஞ்சம் தருவார்களா என்று அதே கடிதத்தில் கேட்டுவிடு.

அன்புடன்,
சித்தப்பா