நேற்று மீண்டும் வருமா?

2021 நவம்பரில் வெளியான ‘மாநாடு’ திரைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். உதகையில் நடக்கவிருக்கும் திருமணத்துக்காகத் துபாயிலிருந்து கோவைக்கு விமானத்தில் வருகிறான் அப்துல் காலிக். இறக்கும்போதெல்லாம் அதே விமானத்தில் கண் விழிக்கிறான். அதே நாள் மறுபடி தொடங்குகிறது. “இப்படி நடக்குமா, சார்?” என்று கேட்டான் ஒரு மாணவன்.

குன்னூர்க் குளிரில் மேசைமேல் ஒரு கோப்பைத் தேநீரை வையுங்கள். அதன் வெப்பம் அறைக் காற்றில் பரவிவிடும். பரவிய வெப்பம் தானாகத் திரும்பி வந்து தேநீர் சூடானதை எவரும் கண்டதில்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி கூறுவதும் இதுவே. 1949-ல் கர்ட் கேடல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கண்ட ஒரு தீர்வில் காலம் வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. ஆனால் அதற்கு அண்டமே சுழல வேண்டும். நம் அண்டம் அப்படிச் சுழல்வதற்குச் சான்று இல்லை.

எனக்கு இடறுவது வேறொன்று. நினைவு என்பது மூளை நரம்பணுக்களின் இணைப்புகளில் ஏற்படும் மாற்றம். ஒவ்வோர் அணுவும் பழைய நிலைக்கே திரும்பினால் காலிக்கின் மூளையும் திரும்பும், நினைவும் அழியும். அந்த நாள் ஆயிரம் முறை வந்தாலும் அவனுக்கு அது முதல் முறைதான். அவனுக்கு நினைவிருக்கிறதென்றால், நாள் முழுமையாகத் திரும்பவில்லை என்றல்லவா ஆகிறது? இயக்குநர் வெங்கட் பிரபு காலிக், காவல் அதிகாரி தனுஷ்கோடி ஆகிய இருவர் மூளைகளுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்!