எக்காளக் கலைஞர் ராய் எல்டிரிட்ஜ்

கலையைப் போற்றுவோர் கலைஞனையும் போற்றுவர் என்று நாம் எண்ணுதல் இயல்பு. ஆயின், அவ்வெண்ணம் யாண்டும் மெய்யாவதில்லை. அமெரிக்க ஜாஸ் இசைவாணர் ராய் எல்டிரிட்ஜின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

இவர் 1911-ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையில் முரசு பழகி, பின்னர் டிரம்பெட் என்னும் எக்காளத்தைக் கைக்கொண்டார். சிற்றுருவினராதலின் 'லிட்டில் ஜாஸ்' என்று அழைக்கப்பட்டார்.

அக்காலத்து எக்காளம் ஊதுவோர் பலர்க்கும் லூயி ஆம்ஸ்டிராங்கே முன்மாதிரி. இவரோ முதலில் வேறொரு கருவியின் வழியை நாடினார். கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனில் விரைந்து வாசித்த பகுதியொன்றை இசைத்தட்டிற் கேட்டு, அதனைத் தம் எக்காளத்தில் வாசிக்கப் பழகினார். சாக்ஸபோனில் விரல்கட்குச் சாவிகள் பல உள. எக்காளத்தில் அழுத்துதற்கு உரியவை மூன்றே. எஞ்சிய வேறுபாடுகளையெல்லாம் உதடும் மூச்சுமே செய்தல் வேண்டும். இவ்வரிய பயிற்சியால் உச்சத் தானத்திலும் தளராத விரைவு இவர்க்கு வாய்த்தது. பின்னாளில் பீபாப் என்னும் புதுநெறி கண்டோருள் ஒருவரான டிஸ்ஸி கில்லஸ்பி, இளமையில் இவரையே பின்பற்றி வாசித்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1941-இல் ஜீன் குரூப்பாவும், 1944-இல் ஆர்ட்டி ஷாவும் தத்தம் குழுவில் இவரைச் சேர்த்துக்கொண்டனர். அவை வெள்ளையர் குழுக்கள். அவற்றிற் கறுப்பர் ஒருவர் நிலையாக அமர்தல் அந்நாளில் மிக அரிது. மேடையில் இவர்க்குக் கரகோஷம் கிட்டியது. ஊர்தோறும் விடுதியில் அறையும் உணவகத்தில் இருக்கையும் கிட்டவில்லை. ஒருகால், தாம் வாசிக்கவேண்டிய நடன மண்டபத்தின் வாயிலிலேயே இவர் தடுக்கப்பட்டார். அம்மண்டபத்தின் முகப்பிலோ இவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது! பின்னர் உள்ளே விடப்பட்டு, கன்னத்திற் கண்ணீர் வழிய வாசித்தார்.

1950-இல் பென்னி குட்மனுடன் ஐரோப்பா சென்றவர், நிறத்தடையின்றி மதிக்கப்பெற்ற பாரிஸ் நகரிலேயே தங்கி, 1951-இல் தாயகம் மீண்டார். 1970 முதல் நியூயார்க்கில் ஜிம்மி ரயனின் இசைக்கூடத்தில் பல்லாண்டு வாசித்தார். 1980-இல் நோயுற்றமையால் எக்காளத்தைத் துறந்தார், 1989-இல் மறைந்தார்.

கண்ணீரோடும் வாசித்தார் என்று அவரது பொறுமையைப் புகழ்ந்து நாம் அமைதல் போதாது. பெயரை முகப்பில் எழுதி, பெயர்க்குரியவரை வாயிலில் நிறுத்தினோரது செயலையும் எண்ணுதல் வேண்டும். இசையை நுகர்ந்து, இசைத்தவனை இகழ்வோர் செவியுடையரேனும் கேளாதவரே. நாம் போற்றும் கலை எதுவாயினும், அதனை ஆக்கியோனுக்கு நம் அவையில் இருக்கை உண்டோ என்று முதலில் வினவுவோமாக.