ஒயரை வெட்டாமல் ஒரு மீட்டர்

என் காரில் எஞ்சின் சூட்டைக் காட்ட முள் கிடையாது. எஞ்சின் ஆறியிருந்தால் நீல விளக்கு, கொதித்துவிட்டால் சிவப்பு விளக்கு. நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. முள் இருக்கிற கார்களிலும், பலவற்றில், சுமார் 80 டிகிரியிலிருந்து 100 வரை அது ஒரே இடத்தில் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். பேட்டரி விளக்கும் சார்ஜ் ஏறக்குறைய நின்றுபோன பிறகுதான் எரியும். சித்திரை வெயிலில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவனுக்கு இது போதாது. வோல்ட்டும் கூலன்ட் சூடும் எண்ணாகத் தெரியும்படி மீட்டர் மாட்டிக்கொண்டேன்.

மாட்டும்போது ஒரே விதிதான் வைத்துக்கொண்டேன்: நாளைக்கே கழற்றினாலும் கார் பழையபடி இருக்க வேண்டும். கம்பெனி ஒயர் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, புதிதாக ஓட்டை போடக் கூடாது. வெட்டிய ஒயரைக் காட்டி வாரன்ட்டியை மறுக்க இடமுண்டு. அதைவிட முக்கியம், மோசமாகப் போட்ட ஜாயின்ட்தான் பின்னாளில் சூடாகி உருகுகிறது. ஒயரின் தோலைக் குத்திக் கரண்ட் எடுக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் இதனால்தான் நான் தொடுவதில்லை. அவை உள்ளிருக்கும் செம்பு இழைகளைக் கடித்து அறுக்கும். குத்திய இடத்தில் ஈரம் புகுந்து பச்சை பிடிக்கும்.

கூலன்ட் சூட்டுக்கு ஓபிடி போதும்

பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல், எஞ்சின் கோளாறைக் காரே கண்டறிந்து சொல்லும் ஓபிடி-2 கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகளோடு இருக்கும் அந்தச் சொருகியில் மீட்டரைச் செருகினால் சூடு எண்ணாக வந்துவிடும். ரேடியேட்டர் ஹோஸை வெட்டித் தனி சென்சார் மாட்டும் வேலையே இல்லை. எஞ்சினின் கம்ப்யூட்டர் எந்த சென்சாரைப் பார்த்து ஃபேனை ஓட்டுகிறதோ, அதே சென்சாரின் எண்தான் நமக்கும் கிடைக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொருகியின் 16-ஆம் துளையில், சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் இருக்கும். தானாக அணையும் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். காரை நாள்கணக்கில் நிறுத்திவைப்பதானால் உருவி வைத்துவிடுங்கள்.

வோல்ட் மீட்டருக்கு ஃபியூஸ் டேப்

தனி வோல்ட் மீட்டருக்குக் கரண்ட் எடுக்கச் சிறந்த வழி ஃபியூஸ் டேப். பழைய ஃபியூஸை உருவிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். இதில் ஃபியூஸ் உட்கார இரண்டு வீடுகள்: கால்களை ஒட்டிய வீட்டில் பழைய ஃபியூஸ், மற்றதில் நம் மீட்டருக்கான புது ஃபியூஸ். மீட்டர் ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. 3 ஆம்பியர் ஊதா ஃபியூஸ் தாராளம். ஃபியூஸ்களில் மினி, லோ புரொஃபைல், மைக்ரோ என்று அளவுகள் பல. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.

எந்த ஃபியூஸிலிருந்து எடுப்பது? சாவி போட்டால் கரண்ட் வந்து, எடுத்தால் நிற்கும் ஃபியூஸாக இருக்க வேண்டும். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் அப்படிப்பட்டது; மல்டிமீட்டரில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் ஃபியூஸ்கள் பக்கமே போகக் கூடாது. போனட்டுக்குள் இருக்கும் பெட்டியையும் விட்டுவிடுங்கள். டேப் நீட்டிக்கொண்டிருந்தால் மூடி சரியாக மூடாது, மழைத் தண்ணீர் இறங்கும்.

டேப்பைச் செருகும் திசை முக்கியம். அதன் இரண்டு கால்களில் ஒன்று மட்டுமே இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவானது. பேட்டரியிலிருந்து கரண்ட் வரும் பக்கத்தில் அந்தக் கால்தான் உட்கார வேண்டும். மாறினாலும் மீட்டர் எரியும். ஆனால் அதன் கரண்ட் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. பழைய ஃபியூஸை மாட்டாமல் புது ஃபியூஸை மட்டும் வைத்து டேப்பைச் செருகிச் சாவியைப் போடுங்கள். மீட்டர் எரிந்தால் திசை சரி. எரியாவிட்டால் சாவியை எடுத்துவிட்டு, டேப்பை உருவித் திருப்பிச் செருகுங்கள். பிறகு பழைய ஃபியூஸை அதன் வீட்டில் வையுங்கள்.

எர்த்தும் ஒயர் போகும் வழியும்

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சோதிக்கும்போது மட்டும் மாட்டினால் போதும். எர்த்துக்கு, டாஷ்போர்டுக்குக் கீழே பாடி இரும்பில் ஏற்கெனவே இறுகியிருக்கும் போல்ட் ஒன்றைத் தேடி, அதனடியில் வளைய லக்கை வைத்து முடுக்குங்கள். பெயின்ட் பூசிய இடத்தில் எர்த் சரியாகக் கிடைக்காது, எண் தடுமாறும். ஏர்பேக்கின் எர்த் போல்ட்டில் கை வைக்காதீர்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர்களையும் கனெக்டர்களையும் தொடாதீர்கள்.

ஒயர் பெடல்களுக்கோ ஸ்டீயரிங் தண்டுக்கோ அருகில் தொங்கக் கூடாது. கண்ணாடி ஓரத்துத் தூணில் மீட்டர் மாட்டுவது அழகுதான். ஆனால் அங்கே ஏர்பேக் என்று எழுதியிருந்தால், அது விரியும்போது மீட்டர் முகத்தை நோக்கிப் பாயும். டாஷ்போர்டின் மேல் இடதுபக்க ஏர்பேக் மூடிக்கும் அதே எச்சரிக்கை.

சாதாரண இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் இளகிப் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும். கார் ஒயரிங்குக்கான துணி டேப்பும், சூடுகாட்டினால் சுருங்கும் ஸ்லீவும் வாங்குங்கள். மீட்டரை ஒட்ட நுரை வைத்த டபுள் சைடு டேப் போதும். எடுக்க வேண்டிவந்தால் நைலான் நூலை அடியில் விட்டு அறுப்பதுபோல் இழுத்தால் கீறல் இல்லாமல் வந்துவிடும்.

எண்ணோடு பழகுங்கள்

மாட்டிய மறுநாளே பயன் தெரியாது. உங்கள் காரின் வழக்கமான எண் என்ன என்று மனதில் பதியச் சில வாரங்கள் ஆகும். இரவு முழுக்க ஓய்ந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இயல்பு. எரிபொருளை மிச்சம்பிடிக்க ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்; பதற வேண்டாம். ஃபியூஸ் வழியாக வருவதால் மீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்து வித்தியாசத்தை ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இரவு விழுப்புரம் தாண்டிப் போகையில், ஏசியும் ஹெட்லைட்டும் ஓடிக்கொண்டிருக்க, எப்போதும் 14-ஐ ஒட்டி நிற்கும் எண் 12.9, 12.6 என்று இறங்கியது. பேட்டரி விளக்கு எரியவில்லை. ஏசியை அணைத்ததும் சற்று ஏறியது. உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு மெக்கானிக் போனட்டைத் திறந்து பெல்ட்டை விரலால் அழுத்திக் காட்டினார், தொய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. இறுக்கியதும் 14.1. நடு ரோட்டில் விளக்கு மங்கி நின்றிருக்க வேண்டிய பயணம் அது.

சூட்டுக்கும் இப்படித்தான். சமவெளியில் 90-ஐ ஒட்டி நிற்கும் என் கார், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது 100-ஐத் தொடும். ஃபேன் ஓடியதும் இறங்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதாலும் கூலன்ட் கலந்திருப்பதாலும் தண்ணீர் 100-ல் கொதிக்காது. 110-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து ஓரங்கட்டுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்ட் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சார் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே மீட்டர் இருக்கிறதென்று கூலன்ட் அளவைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் எந்த ஃபியூஸில் டேப், எந்த போல்ட்டில் எர்த், ஒயர் எந்த வழி என்று ஒரு தாளில் எழுதி, காரின் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஃபியூஸ் டேப்பையும் ஒருமுறை உருவி, பழைய ஃபியூஸை நேராகச் செருகி, எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சில நிமிடத்தில் கார் பழையபடி ஆகிவிட்டால் வேலை சுத்தம். சர்வீஸுக்கு விடும்போதும் விற்கும்போதும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.