காவற் காமிராவுடன் அபாயச் சங்கும் விளக்கும் இணைக்கும் முறை

முகவுரை

கிணற்றடி மோட்டாரின் செம்புக் கேபிளைக் களவு கொடுத்த குடியானவர் பலர், தற்காலத்தில் தம் தோட்டங்களில் காவற் காமிராக்களை அமைத்து வருகின்றனர். காமிரா களவைக் காணும், தடுக்காது. முகத்தை மூடிய இருவர் கேபிளை அறுத்துச் சென்றனர் என்பதை மறுநாட் காலையில் பதிவில் பார்த்தறிவதனால் பயிருக்குத் தண்ணீர் பாய்ந்துவிடாது. கோடையில் மோட்டார் ஒரு வாரம் நின்றால் காய்கறிப் பயிர் முற்றும் வாடிவிடும். ஆதலின், காமிரா ஆளைக் கண்டவுடன் சங்கு ஊதவும் விளக்கு எரியவும் செய்தல் அவசியம். அதனை அபாயமின்றிச் செய்யும் விதம் இங்குக் கூறப்படும்.

அடிப்படை விஷயம்

காமிராக்களின் படத்தைப் பதியும் பெட்டியின் பின்புறத்தில், பல வகைகளில், அலாரம் அவுட் என்று குறிக்கப்பட்ட திருகு முனைகள் உண்டு. விலைகுறைந்த சில பெட்டிகளில் இவை இரா. ஆகவே வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். இம்முனைகளிலிருந்து மின்சாரம் வெளிவரும் என்று எண்ணிச் சங்கை நேரே இணைப்போர் பலர். அது தவறு. அவற்றின் உட்புறம் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு சுவிட்சு மாத்திரமே. அபாயக் குறி எழுந்தவுடன் அது இரு முனைகளையும் சேர்க்கும். குறி நீங்கியதும் பிரிக்கும். மின்சாரத்தை நாமே வேறிடத்திலிருந்து தருதல் வேண்டும்.

அன்றியும் அச்சிறு சுவிட்சு தாங்கும் மின்னோட்டம் அற்பம். பல பெட்டிகளில் அது ஓர் ஆம்பியரைச் சுற்றியே நிற்கும். சரியான அளவைப் பெட்டியுடன் வரும் குறிப்புப் புத்தகத்திற் காண்க. அளவுக்கு மேற்பட்ட சுமையைத் தந்தால் அதன் தொடுமுனைகள் கருகும், அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சங்கு நில்லாது ஊதும். கருகிவிட்டால் வேண்டிய இரவில் ஊதாது. ஆகையால் பெட்டிக்கும் சங்குக்கும் இடையே ரிலே என்னும் சாதனத்தை வைத்தல் வேண்டும்.

தேவையான சாமான்கள்

12 வோல்ட் சங்கு ஒன்று. 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு ஒன்று, 12 வோல்ட் சுருளும் 10 ஆம்பியர் தொடுமுனையும் உள்ள ரிலே, 1என்-4007 என்னும் டையோடு, 12 வோல்ட் பாட்டரியும் அதற்குரிய சார்ஜரும், 5 ஆம்பியர் பியூஸ், மழைநீர் புகாத பெட்டி, செம்புக் கம்பி.

இணைக்கும் விதம்

1. பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு வெகு அருகிலேயே பியூஸை அமைக்கவும். கம்பி எங்கேனும் ஒன்றோடொன்று உராய்ந்து பட்டுவிடின் இதுவே தீ விபத்தைத் தடுக்கும்.

2. பியூஸிலிருந்து ஒரு கம்பியைப் பதிவுப் பெட்டியின் அலாரம் அவுட் காமன் முனைக்குக் கொண்டு செல்க. என்.ஓ. முனையிலிருந்து மற்றொரு கம்பியை ரிலேச் சுருளின் ஒரு முனைக்குக் கொணர்க. சுருளின் மறுமுனையைப் பாட்டரியின் நெகட்டிவுடன் சேர்க்க.

3. சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே டையோடை வைக்க. அதன் வெள்ளைக் கோடுள்ள பக்கம் பாசிட்டிவ் முனையை நோக்கி இருத்தல் வேண்டும். சுருளில் மின்சாரம் அறும் கணத்தில் எதிர்த்தெழும் உயர்ந்த வோல்ட்டை இது தன்னுள் ஓடச்செய்து, பெட்டியின் சிறு சுவிட்சைக் காக்கும்.

4. பியூஸிலிருந்து மற்றொரு கம்பியை ரிலேயின் காமன் தொடுமுனைக்கும், அதன் என்.ஓ. தொடுமுனையிலிருந்து சங்கின் சிவப்புக் கம்பிக்கும் விளக்கின் பாசிட்டிவுக்கும் இணைக்க. சங்கு, விளக்கு இவற்றின் நெகட்டிவ் கம்பிகள் நேரே பாட்டரியின் நெகட்டிவைச் சேரும்.

இவ்விதம் இணைத்தபின், பதிவுப் பெட்டியின் சுவிட்சு வழியே செல்வது சுருளுக்கு வேண்டிய சிறு மின்னோட்டம் மட்டுமே. சங்கின் முழுச் சுமையையும் ரிலே தாங்கும்.

கம்பியின் கனம்

தோட்டங்களில் அதிகமாகக் காணப்படும் பிழை இதிலேயே. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 36 ஓம் தடை உண்டு. சங்கு 50 மீட்டர் தொலைவில் இருந்தால், போக்கும் வரத்துமாக 100 மீட்டர் ஆகிறது, தடை 3.6 ஓம். ஓர் ஆம்பியர் இழுக்கும் சங்குக்கு 3.6 வோல்ட் வழியிலேயே குறைந்து, 8.4 வோல்ட் மாத்திரம் சென்று சேரும். சங்கு முனகுமேயன்றி ஊதாது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் குறைவு 1.2 வோல்ட் அளவே.

கிணறு இன்னும் தொலைவில் இருப்பின், கனமான கம்பிக்குப் பணம் செலவழிப்பதினும் சிறந்த வழி ஒன்றுண்டு. பாட்டரி, ரிலே, சங்கு மூன்றையும் கிணற்றடியிலேயே அமைத்து, சுருளுக்குரிய இரு மெல்லிய கம்பிகளை மாத்திரம் வீட்டிலுள்ள பதிவுப் பெட்டிக்குக் கொணர்க. சுருள் 40 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 200 மீட்டர் தொலைவுக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 0.6 வோல்ட்டே குறையும்.

கம்பிகளைக் குழாயினுள் செலுத்திப் புதைத்தல் நலம். எலியும் மண்வெட்டியும் களவாளிக்கு முன்னரே அவற்றை அறுத்துவிடும்.

பாட்டரியின் அளவு

சங்குக்கு 1 ஆம்பியர், 20 வாட் விளக்குக்கு 1.7 ஆம்பியர், ஆக 2.7 ஆம்பியர். ஒரு முறைக்கு 3 நிமிஷமாக ஓரிரவில் பத்து முறை ஊதினாலும் 1.35 ஆம்பியர்-மணியே செலவாகும். இதற்கு 7 ஆம்பியர்-மணி பாட்டரி போதும். ஆனால் மின்சாரம் நின்றால் கண்ணும் மூடிக்கொள்ளும் என்பதை மறக்கலாகாது. பதிவுப் பெட்டியும் நான்கு காமிராக்களும் சேர்ந்து 30 வாட் கொள்வதாக வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-மணி வேண்டும். ஈய பாட்டரியைப் பாதிக்குமேல் இறக்கலாகாது. ஆகவே அவற்றுக்கெனத் தனியே 50 ஆம்பியர்-மணி பாட்டரி வைத்தல் முறை.

பொய்க் குறியைத் தவிர்த்தல்

காற்றில் ஆடும் வாழையிலையும், காமிராவின் முன் பின்னிய சிலந்தி வலையும், விளக்கை நாடும் பூச்சியும் சங்கை ஊதச் செய்யும். மூன்று நாள் வீணே ஊதிய சங்கை நான்காம் நாள் அக்கம்பக்கத்தார் செவிமடுக்கமாட்டார். ஆகையால் மனிதரை வேறு பிரித்தறியும் ஏற்பாடு உள்ள காமிராவாயின் அதனையே சங்குக்குக் காரணமாக அமைக்க. இரவு நேரத்துக்கு மாத்திரம் இயங்கும்படி நேரம் குறிக்க. ஊதும் காலம் 1 முதல் 3 நிமிஷம் வரை போதும். விளக்கைக் காமிராவிலிருந்து சில அடிகள் விலக்கி அமைத்தால் பூச்சித் தொல்லை குறையும்.

சங்கைக் கைக்கெட்டாத உயரத்தில், மழைநீர் தங்காதவாறு வாய் கீழ்நோக்கி இருக்க நிறுத்துக. கிணற்றடிச் சங்கு களவாளியை வெருட்டும்; உடையவரை எழுப்ப வீட்டிலும் ஒன்று வேண்டும்.

எச்சரிக்கை

230 வோல்ட் விளக்கை எரிக்க விரும்புவோர், அதற்குத் தக்க தனி ரிலேயோ காண்டாக்டரோ கொண்டு, உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டே வேலை செய்விக்க. 12 வோல்ட் கம்பியும் 230 வோல்ட் கம்பியும் ஒரே குழாயிற் செல்லலாகாது. நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் அறுக்கும் ஆர்.சி.சி.பி.யும் இன்றியமையாதன.

மலையடிவாரத் தோட்டக்காரர் சிலர், சங்குக்கு அஞ்சாத பன்றியை மடக்க வேலியிலேயே மின்சாரத்தைப் பாய்ச்ச நினைப்பதுண்டு. இது சட்ட விரோதம், உயிர்க்கொலையும் ஆம். 2023 மார்ச்சு மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரவில் நீர் பாய்ச்ச வரும் நம் வீட்டாரையும் அவ்வேலி அறியாது. யானை நடமாடும் இடங்களில் சங்கு அமைக்குமுன் வனத்துறையாரைக் கலந்துகொள்க. அருகில் திடீரென எழும் ஓசையால் யானை மிரண்டு மனிதர்மேல் திரும்புதல் கூடும்.

பரீட்சை

முதலில் சங்கை இணைக்காமல், காமிராவின் முன் ஒருவரை நடக்கச்செய்து ரிலே சொடுக்கும் ஓசையைக் கேட்க. பின்னர்ச் சங்கை இணைத்து, ஊதும்பொழுதே அதன் முனைகளில் மல்ட்டிமீட்டரால் வோல்ட்டை அளக்க. 10.5க்குக் குறையுமாயின் கம்பியையும் பாட்டரியையும் சோதிக்க. இறுதியாக, வீட்டின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் ஒருமுறை பார்க்க. மாதந்தோறும் ஒரு நாளைக் குறித்து இப்பரீட்சையைச் செய்து வருவோர்க்கே இவ்வேற்பாடு வேண்டிய இரவில் உதவும்.